நான்கு கம்பிகள், ஒரு பயணம்

தந்தி வரலாற்றைப் பாடமாக நடத்தும்போது அது ஐரோப்பாவின் கதையாக மட்டுமே முடிந்துவிடுகிறது. அதில் நம்ம வட்டாரத்துக்கும் பங்கு உண்டு.

1850இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட முதல் வடம் ஒற்றைச் செம்புக் கம்பிதான். அது சீக்கிரமே அறுந்துபோனது. 1851இல் டோவருக்கும் கலேக்கும் இடையே போட்ட வடத்தில் நான்கு செம்புக் கம்பிகள், மேலே இரும்புக் கவசம். அது நிலைத்தது.

கம்பிகளில் கடல்நீர் படாமல் காத்தது கட்டாபெர்ச்சா, நம்ம காட்டு மரத்தின் பால். மலாய்க்காரர்கள் பாராங் கைப்பிடி செய்யப் பயன்படுத்தியது. சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மான்ட்கோமரி 1843இல் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். ரப்பர் மாதிரி சீவி எடுக்க முடியாது. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். வடங்கள் நீள நீள, இங்கே அந்த மரங்கள் குறைந்துகொண்டே போயின.

இனி மாணவர்களுக்கு ஒரு புதிர். நான்கு கம்பிகளும் ஒரே மாதிரி. டோவர் முனையில் 1, 2, 3, 4 என்று எண் போட்டாச்சு. கலே முனையில் எது எது? கையில் ஒரு பேட்டரி, ஒரு பல்ப். அன்றைய தந்திக்காரர்கள் மண்ணையே மின்சாரம் திரும்பும் வழியாக வைத்துக்கொண்டார்கள். புதிரில் அது கூடாது.

ஒரே ஒரு தடவை போய் வந்தால் போதும். டோவரில் 1ஐயும் 2ஐயும் முறுக்கிவிட்டுக் கலேக்குப் போங்கள். எந்த இரண்டு கம்பிகளில் பல்ப் எரிகிறதோ அவைதான் அந்த ஜோடி. அவற்றுக்கு அ, ஆ என்றும் மற்றவற்றுக்கு இ, ஈ என்றும் பெயர் எழுதி, ஆவையும் இயையும் முறுக்கிவிட்டுத் திரும்புங்கள். டோவரில் பழைய முறுக்கைப் பிரித்துவிட்டுச் சோதியுங்கள். 2க்கும் 3க்கும் எரிந்தால், 2தான் ஆ, 3தான் இ. அப்படியானால் 1 என்பது அ, 4 என்பது ஈ.

முதல் முறுக்கைப் பிரிக்க மறந்தால் 1, 2, 3 மூன்றுமே எரியும், விடை கிடைக்காது. இரண்டே கம்பி என்றால் இந்த வழி உதவாது. ஏன் என்று மாணவர்களையே யோசிக்க விடுங்க.

1871இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடித் தந்தியால் இணைந்தன. புதிரில் வடத்தின் இரண்டு முனைகளிலும் பெயர் எழுதுகிறோம். பாடத்திலும் நம்ம முனையைப் பெயரில்லாமல் விட வேண்டாமே.