பென்சிலும் ஒரு மீட்டர் நிலமும்

1:2000 அளவில் வரைந்த புலப்படத்தில், அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பென்சில் கோடு தரையில் ஒரு மீட்டர் நிலத்தை மூடிக்கொள்ளும். கோட்டை 0.2 மில்லிமீட்டருக்கு மெலிதாக்கினால் அது நாற்பது சென்டிமீட்டராகக் குறையும். கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு மீட்டர் அகலம் இன்று என்ன விலை போகிறது என்பதை நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் அங்கே மல்லாட்டை போட்டிருந்தார்கள். வரப்பு கொஞ்சம் இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் அண்ணன் தம்பி பேசித் தீர்த்துக்கொள்வார்கள். இப்போது கோர்ட்டுக்குப் போகிறார்கள். அங்கே முதலில் கேட்பது அந்தப் பழைய புலப்படத்தைத்தான்.

நில அளவைத் துறையில் வரைவாளராகவே இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் பென்சிலைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நம் தலைமுறை பென்சிலில் தொடங்கவில்லை, சிலேட்டில் தொடங்கியது. ஆந்திராவின் மார்க்காப்பூர் கல்லைச் சட்டம் அடித்து, மூலையில் துணியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு போனோம். பலப்பத்தைக் கையில் எழுதியதைவிட வாயில் தின்றது அதிகம். சிலேட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை மலைக்கு வந்து ரமணரிடம் கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதிக் காட்டிய பதில்கள்தான் பின்னால் 'நான் யார்?' ஆயின. மூன்றாம் வகுப்பில் பென்சிலுக்கு மாறியபோது பெரிய மனிதனாகிவிட்டது போல இருந்தது.

பென்சிலுக்குள் இருப்பதை நாம் 'லெட்' என்கிறோம். அதில் ஈயம் துளியும் இல்லை. அது கிராஃபைட். இலங்கைத் தமிழர்கள் 'பென்சிற்கரி' என்பார்கள், அதுதான் சரியான பெயர். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் என்ற இடத்தில் கட்டி கட்டியாகக் கிடைத்த சுத்தமான கிராஃபைட்டை அறுத்து மரத்துக்குள் செருகினார்கள். வேறெங்கும் அவ்வளவு நல்ல கட்டி கிடைக்கவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்தோடு போரில் இறங்கியதும் அந்தச் சரக்கு நின்றுபோனது. அந்த நெருக்கடியில் நிக்கோலா ஜாக் கோந்தே என்பவர் மட்டமான கிராஃபைட்டைப் பொடியாக்கி, களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். 1795-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உலகம் இன்றைக்கும் அந்த முறையில்தான் பென்சில் செய்கிறது. களிமண் கூடினால் கடினம், அது எச். கிராஃபைட் கூடினால் கருமை, அது பி. நடுவில் எச்.பி. குழந்தையின் பென்சிலும் எங்கள் மேசையிலிருந்த 4எச் பென்சிலும் ஒரே மாவுதான், பிசைந்த விகிதம் மட்டும் வேறு.

நம்ம ஊர் ஆசாரிகள் பொன் உருக்கும் கருப்பு மூசையிலும் இதே கிராஃபைட்டும் களிமண்ணும்தான் இருக்கின்றன. நெருப்புக்கு அசையாத பொருள். அக்னித் தலத்துக்காரர்களுக்கு இது பிடிக்கும் என்று சேர்த்துச் சொல்கிறேன்.

நல்ல பென்சில் என்றால் நெடுங்காலம் அது ஜெர்மனியிலிருந்தோ ஆஸ்திரியாவிலிருந்தோதான் வந்தது. ஹார்ட்முத் கம்பெனி 1889-ல் பாரிஸ் கண்காட்சியில் மஞ்சள் நிறத்தில் ஒரு பென்சிலைக் கொண்டுவந்தது. பதினேழு தரங்கள். பெயர் கோஹினூர், நம் நாட்டு வைரத்தின் பெயர். வைரமும் கிராஃபைட்டும் ஒரே கரிதான், அதனால் பெயர் பொருத்தமானதே. நம்முடையது என்று உரிமை கொண்டாட நமக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது.

1914-ல் போர் வந்ததும் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் எதிரி நாடுகளாகிவிட்டன. கச்சேரிகளும் பள்ளிக்கூடங்களும் பென்சிலுக்குத் தவித்தன. அந்தக் காலத்தையொட்டித்தான் சென்னை மாகாண அரசின் தொழில்துறையே பென்சில் செய்யும் வேலையில் இறங்கியது. அந்தத் தொழிற்சாலை பின்னால் சென்னையில் பேர்பெற்ற காகித, எழுதுபொருள் வியாபாரிகளான வி. பெருமாள் செட்டி அண்டு சன்ஸ் கைக்கு வந்து, 'மெட்ராஸ் பென்சில் பாக்டரி' என்ற பெயரில் நடந்தது. ஒரு அரசாங்கம் பென்சில் செய்து பார்த்தது என்றால் இப்போது சிரிப்பு வரும். பென்சில் இல்லாமல் ஓர் அரசாங்கம் நடக்காது என்பது அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

பென்சிலுக்கு அன்று இருந்த மதிப்பைக் காட்டக் காகா காலேல்கர் எழுதிவைத்த ஒரு சம்பவம் உண்டு. 1915 டிசம்பரில் பம்பாய் காங்கிரசின்போது காந்தி எதையோ தேடிக்கொண்டிருந்தாராம். என்னவென்று கேட்டால், ஒரு துண்டுப் பென்சில். என்னுடையதைத் தருகிறேன் என்று காலேல்கர் சொல்லியும் அவர் விடவில்லை. சென்னையில் ஜி. ஏ. நடேசனின் சின்னப் பையன் அன்போடு கொடுத்த பென்சில் அது. தேடிக் கண்டெடுத்தபோது இரண்டு அங்குலம்கூட இல்லையாம்.

சுதந்திரம் வந்தபிறகும் நல்ல பென்சில் வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. 1957-ல் அந்நியச் செலாவணி கையிருப்பு கரைந்து இறக்குமதியை இறுக்கிப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே பம்பாயில் இந்துஸ்தான் பென்சில்ஸ் தொடங்கியது. நடராஜும் அப்சராவும் அவர்களுடையவைதான். பிரான்சில் 1795, இங்கே 1914, பிறகு 1957 என்று வரிசையாகப் பாருங்கள். வெளியூர்ச் சரக்கு நிற்கும்போதுதான் உள்ளூர்ப் பென்சில் பிறந்திருக்கிறது.

பிறப்பது வேறு, எழுதுவது வேறு. அறுபதுகளில் பெயர் தெரியாத மலிவுப் பென்சில்கள் கடைகளில் நிறைய கிடைத்தன. அவற்றோடு நாம் பட்ட பாட்டை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாவைச் சரியாக அரைக்காததால் நடுவில் மணல் மாதிரி ஒரு துகள் வந்து காகிதத்தைக் கீறும். லெட் நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கும், சீவினால் ஒரு பக்கம் முழுக்க மரம்தான் நிற்கும். லெட்டை மரத்தோடு சரியாக ஒட்டாவிட்டால் கீழே ஒருமுறை விழுந்தாலே உள்ளுக்குள் துண்டுதுண்டாகிவிடும், சீவச் சீவ முனை கழன்று வரும். ஆக, அரைப்பு, நடுநிலை, ஒட்டு ஆகிய மூன்றில்தான் பென்சிலின் தரம் இருக்கிறது. மேலே பூசிய வர்ணத்தில் இல்லை. மரமும் முக்கியம். அமெரிக்காவில் வாசனையான சீடர் மரம். நமக்குக் காஷ்மீர் பாப்லர் மரம், மென்மையாகச் சீவ வரும். புல்வாமா மாவட்டத்தில் உக்கூ என்ற கிராமமே இந்தப் பலகைகளை அறுத்துத்தான் பிழைக்கிறது.

இனி எங்கள் மேசைக்கு வருகிறேன். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். வேலையைப் பற்றிப் பட்டா வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும், அது இங்கே வேண்டாம். அந்த வருஷங்களில் மலைமலையாகப் படங்கள் வந்தன. நம்ம ஊர் தனி மாவட்டமானது 1989-ல்தான், அதுவரை எல்லாவற்றுக்கும் வேலூர். நாங்கள் நான்கைந்து பேர், எந்தப் பென்சிலில் கோடு நன்றாக விழுகிறது என்று போட்டி போட்டுப் பார்ப்போம். பிளேடால் சீவி, உப்புத்தாளில் தேய்த்து, முனையை உளிபோல் தட்டையாக்க வேண்டும். பிறகு ஸ்கேலை வைத்து வரிசையாகக் கோடு இழுக்க வேண்டும். எத்தனையாவது கோட்டில் தடிமன் கூடுகிறது, ரப்பரில் சுத்தமாக அழிகிறதா, ஈரக்கை பட்டால் இழுக்கிறதா, இவ்வளவுதான் பரீட்சை. சித்திரை மாத வெயிலில் கை வியர்க்கும் எங்களுக்குக் கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி.

எங்கள் முடிவுகளைச் சொல்கிறேன். உளிமுனை நிற்பதில் கோஹினூர் 2எச்சை மிஞ்சியது அந்த மேசையில் எதுவும் இல்லை. கரகரப்பே இல்லாமல் ஓடியது ஸ்டெட்லரின் நீல லூமோகிராஃப். ஒரு பொறியாளர் பரிசாகக் கொடுத்த பச்சை நிற ஃபேபர் காஸ்டல் 9000 இரண்டுக்கும் நடுவில் நின்றது. 1905-லிருந்து வருகிற பென்சில், அந்தப் பச்சைக்கே தனி கம்பீரம். அப்சரா டிராயிங் பென்சிலில் கோடு சற்றுக் கருப்பாக விழும். டிரேசிங் தாளிலிருந்து அமோனியா பிரிண்ட் எடுக்கும்போது அதுவே லாபம், வெளிச்சத்தைத் தடுக்கும் அளவுக்குக் கோட்டில் கருமை இருந்தால்தான் பிரிண்டில் கோடு வரும். விலையோ வெளிநாட்டுப் பென்சிலில் சின்னப் பங்கு. எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் சிவப்புக் கருப்புக் கோடு போட்ட நடராஜ் போதும், இன்றைக்கும் எனக்கு அதுதான்.

ஒன்று கவனித்தேன். 2எச் என்று ஒரே எழுத்து போட்டிருந்தாலும் ஒரு கம்பெனியின் 2எச்சும் இன்னொன்றின் 2எச்சும் ஒன்றல்ல. ஜப்பான் எச்.பி. ஜெர்மன் எச்.பி.யைவிடக் கருப்பு. உலகம் முழுவதற்குமான ஒரே அளவுகோல் இதற்குக் கிடையாது. அதனால் ஒரு படத்தை ஆரம்பித்த பென்சிலிலேயே முடிக்க வேண்டும் என்பது என்னுடைய விதி. 4எச்சுக்கு மேல் போகவும் மாட்டேன், அது கோடு போடாது, தாளில் உழும்.

காப்பியிங் பென்சிலைச் சொல்லாமல் விட்டால் தபால் இலாகா நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். கிராஃபைட்டோடு சாயம் கலந்தது அது. ஈரம் பட்டால் ஊதாவாகி, அழிக்க முடியாததாகிவிடும். நாக்கு ஊதாவாக இருந்த கிளார்க்கை அந்தக் காலத்தில் கண்டிப்பாக ஏதாவது ஒரு கவுண்டரில் பார்த்திருப்பீர்கள்.

நம் மாநிலத்திலேயே சிவகங்கை பக்கத்தில் புதுப்பட்டியில் கிராஃபைட் கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டி எடுத்துச் சுத்தம் செய்கிறது. செதில் வகை. உலைச்செங்கல், மூசை, பென்சில் என்று பல வேலைக்கு ஆகும். புலப்படங்கள் இப்போது கம்ப்யூட்டரில் வருகின்றன, கோட்டுக்குத் தடிமன் என்ற பேச்சே இல்லை. ஆனால் அதில் ஏற்றியிருக்கும் எல்லைகளில் பல, எங்களைப் போன்றவர்கள் 2எச்சில் போட்டு மை ஏற்றிய கோடுகள்தான்.

கோஹினூரிலிருந்து நடராஜ் வரை என் டப்பாவில் ஒவ்வொன்று இருக்கிறது. இல்லாதது மெட்ராஸ் பென்சில் பாக்டரியுடையது. உங்கள் வீட்டுப் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒன்று கிடந்தால் சொல்லுங்கள். நேரில் வருகிறேன். பத்துக் கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன்.