தோட்டத்துப் பள்ளி: சலுகையா, உரிமையா?



சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் போகிற வழியில் இருக்கிறது சுங்கை லாலாங். கோல மூடா மாவட்டத்தின் பழைய ரப்பர்ப் பூமி அது. கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளின் பட்டியலைப் புரட்டியவர்கள் இந்த வட்டாரத்தில் ஒரு விநோதத்தைக் கவனித்திருப்பார்கள். ஹார்வர்ட் தோட்டத்தின் பெயரில் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று மூன்று தமிழ்ப்பள்ளிகள். ஒரே தோட்டத்துக்கு எதற்கு மூன்று பள்ளி? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், இந்நாட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்ற வரலாறே வெளியே வந்துவிடும்.

1909-ஆம் ஆண்டு ஆங்கிலோ-சயாம் ஒப்பந்தத்தின் மூலம் கெடா பிரிட்டிஷ் செல்வாக்கின் கீழ் வந்தது. காடுகள் அழிந்தன, ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் லயங்கள் எழுந்தன. விடியற்காலையில் பெரட்டு, பிறகு பால்மரம். அப்பாவும் அம்மாவும் மரம் வெட்டப் போனால் குழந்தைகள் ஆயாக் கொட்டகையில். கொஞ்சம் வளர்ந்ததும் புல் பிடுங்கவோ கட்டிப்பால் பொறுக்கவோ கூடவே போவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு என்று ஒன்று தேவை என யார் நினைத்தார்கள்?

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஓர் ஏற்பாட்டைச் செய்தது. ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள, ஒரே இனத்தைச் சேர்ந்த பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாமல் இருந்தால், பள்ளி அமைக்கும்படி நிர்வாகத்துக்கு உத்தரவிடலாம் என்பதே அது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். என்றாலும் தோட்டத்து நடைமுறை எங்கும் ஒன்றுதான். பள்ளிக்கூடம் முதலாளியின் பொறுப்பு. பிரிவுக்கு ஒரு லயம், லயத்தை ஒட்டி ஒரு பள்ளி. ஹார்வர்டின் மூன்று பள்ளிகளுக்கும் வேர் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

நல்ல சட்டம்தானே என்று தோன்றும். கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்தச் சட்டம் யாரிடம் பேசியது? பிள்ளையிடம் பேசவில்லை. "உனக்குப் படிக்கும் உரிமை உண்டு" என்று அது சொல்லவில்லை. முதலாளியிடம்தான் பேசியது. கூலியாளுக்குக் குடியிருப்பும் மருந்தும் தருவதுபோல் அவன் பிள்ளைக்கு ஒரு கொட்டகையும் கொடு என்றது. கொடுத்தார்கள். பல இடங்களில் ஒரே ஆசிரியர், எல்லா வகுப்புக்கும் அவரே. சில தோட்டங்களில் கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ வாத்தியார். பாடப் புத்தகம் சென்னை மாகாணத்திலிருந்து வந்தது. மலாயாவில் பால்மரத்தடியில் உட்கார்ந்து, பார்த்தேயிராத ஊர்களின் பூகோளத்தைப் படித்தார்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். நான்கு வகுப்பைத் தாண்டியவர்கள் குறைவு. அதற்குமேல் படிக்க ஆங்கிலப் பள்ளிக்கூடம் பட்டணத்தில் இருந்தது. அங்கே போக வழியும் இல்லை, வசதியும் இல்லை.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தை நடத்திய அதே தோட்டத்தில்தான் கள்ளுக்கடையும் நடந்தது. இதைத் தாங்க முடியாமல்தான் போருக்குப் பின், 1946-இல், இதே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை ஒழிக்க வேண்டும், தொழிலாளி மானத்தோடு வாழ வேண்டும் என்று இளைஞர்கள் அணிவகுத்தார்கள். 1947-இல் கெடா தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தங்களைப் போலீசைக் கொண்டு அடக்கினார்கள். நம் வட்டாரத்தின் பெருமைக்குரிய பக்கம் இது. நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்?

முதலாளியின் தயவில் நிற்கும் பள்ளிக்கூடம் முதலாளியின் கணக்குப் புத்தகத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும். 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகளும் போனார்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயம் கலைந்தது, பள்ளியும் கலைந்தது. இதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் அது வாங்கிய முதல் தோட்டம், நம் கெடாவில் உள்ள புக்கிட் சிடிம்.

1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் அதைத் தொடர்ந்த கல்விச் சட்டங்களும் தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தன. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. ஆனால் நிலம்? அது தோட்டத்தினுடையது. அதனால் 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்த நிலம் இல்லாத பள்ளிக்குக் கட்டடம் கட்ட முழு உதவி கிடைப்பது பெரும்பாடு. 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520-க்குச் சற்று மேல். தோட்டம் போனதும் பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனதும் இதற்குப் பெரிய காரணங்கள். 1923-இல் உரிமையாக எழுதாமல் சலுகையாக எழுதியதன் வட்டியைத்தான் நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளி ஒரு பக்கம் என்றால் பத்திரம் இன்னொரு பக்கம். 1957 ஆகஸ்டு 31-க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளை பிறப்பாலேயே குடிமகன் என்ற நிலை 1962 வரைதான் நீடித்தது. அதன்பின் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை தாயின் நிலையைப் பின்பற்றும். தாயிடம் சிகப்பு அடையாளக் கார்டு கூட இல்லை என்றால் பிள்ளையிடம் எதுவும் இல்லை. இந்த மண்ணிலேயே பிறந்த தமிழ்ப்பிள்ளை பிறப்புப் பத்திரம் இல்லாமல் பள்ளி வாசலில் நின்றது இப்படித்தான். இந்தியர்களிடையே இந்தச் சிக்கல் பெரிதாக இருந்ததால்தான் 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கத்தை அரசாங்கம் நடத்தியது.

2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் சட்டம் சொல்வது மலேசியக் குடிமக்களான பெற்றோரைப் பற்றி. 2019-இல் ஒரு கதவு திறந்தது. பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், பத்திரம் இல்லாத பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு, பத்திரத்தைப் பிறகு தேடலாம் என்றார்கள். வரவேற்க வேண்டிய முடிவு. அதே வேளையில் 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அரசமைப்புத் திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளின் தானியங்கிக் குடியுரிமையை நீக்க வகைசெய்தது. சிகப்புக் கார்டு வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனத்தில் வைக்க வேண்டும். திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். பிள்ளை பிறந்தால் உடனே பதிவு செய்யுங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது மனத்தில் கை வைத்து ஒரு விஷயத்தைப் பேச வேண்டும். நம் தாத்தாக்கள் செய்த தோட்ட வேலையை இன்று வேறு நாட்டார் செய்கிறார்கள். அவர்களின் வேலை அனுமதி குடும்பத்தைக் கொண்டுவர இடம் தருவதில்லை. இருந்தும் பிள்ளைகள் பிறக்கிறார்கள். ரொஹிங்யா அகதிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மலேசியா சேரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. தொண்டு அமைப்புகள் நடத்தும் கற்றல் மையங்களில்தான் எழுத்துக் கூட்டுகிறார்கள். "நமக்கே இல்லை, அவர்களுக்கு எதற்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1923-இல் நம்மைப் பார்த்தும் இப்படித்தான் கேட்டார்கள். வந்து போகிற கூலிக்கு எதற்குப் படிப்பு என்பதுதான் அன்றைய எண்ணம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1977-இல் டைலர் என்னும் ஊரின் பள்ளி வாரியம், அனுமதியின்றிக் குடியேறியவர்களின் பிள்ளைகளிடம் ஆளுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தாய் தகப்பன் எப்படி எல்லை தாண்டினார்கள் என்பதற்காகப் பிள்ளையைத் தண்டிக்க முடியாது. பள்ளியில் சேர்க்கத்தான் வேண்டும் என்பதே அதன் சாரம். மலேசியா 1995-இல் குழந்தை உரிமைகள் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. சேரும்போதே, எல்லாருக்கும் இலவசத் தொடக்கக் கல்வி என்ற விதிக்குக் கட்டுப்பட முடியாது என்று விலக்குப் பெற்றுக்கொண்டது.

சுங்கை லாலாங்கிலிருந்து சற்றுத் தூரத்தில் செமலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிற்கிறது. 2001-இல் தொடங்கிய அங்கே மருத்துவம் படித்து வெளியேறியவர்கள் பலர், தோட்டத்துப் பள்ளியில் அரிச்சுவடி தொட்ட குடும்பங்களின் பிள்ளைகள். ஒற்றை ஆசிரியர் கொட்டகையிலிருந்து அங்கே வர நமக்கு மூன்று தலைமுறை பிடித்தது. படிப்பு முதலாளி போட்ட பிச்சையாக இல்லாமல் பிள்ளையின் உரிமையாக இருந்திருந்தால் ஒரு தலைமுறை போதும். நம் பிள்ளைக்காக அந்த உரிமையைக் கேட்கும்போது பக்கத்து லயத்துப் பிள்ளையையும் சேர்த்தே கேட்போம். அப்போதுதான் நம் கோரிக்கைக்கும் வலு கூடும்.