மதுரை தங்கம் திரையரங்கம்

மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த தங்கம் திரையரங்கம் 2,563 இருக்கைகள் கொண்டது. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் வெளியூர் உறவினர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவது வழக்கம். 1952ஆம் ஆண்டு தீபாவளிக்கு (அக்டோபர் 17) வெளிவந்த 'பராசக்தி'தான் இங்கு ஓடிய முதல் படம். மு. கருணாநிதி வசனம் எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய அப்படத்தில் சிவாஜி கணேசன் அறிமுகமானார். புதிய நடிகரையும் புதிய தியேட்டரையும் மதுரை ஒன்றாகவே பார்த்தது.

இவ்வளவு பெரிய அரங்கு எதற்கு என்று இன்றைய மாணவர்கள் கேட்கக்கூடும். அக்காலத்தில் ஒரு படத்துக்குச் சில பிரதிகளே எடுக்கப்பட்டன. ஆகவே ஒரு நகரில் பெரும்பாலும் ஒரே தியேட்டரில்தான் புதுப்படம் ஓடும். அந்தப் படம் டூரிங் கொட்டகைக்கு வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை பொறுக்காதவர்கள் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வருவார்கள். வருகிற கூட்டம் முழுவதையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தால்தான் வசூல். ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் நடந்து செல்லும் தொலைவில் இருந்ததும் தங்கத்துக்கு வாய்த்த வசதி. மதுரையில் சினிமா வருமானம் கட்டடமாக மாறுவது முன்பே நடந்ததுதான். தியாகராஜ பாகவதர் நடித்த 'சிந்தாமணி' (1937) ஈட்டிய லாபத்தில் அதே பெயரில் ஒரு தியேட்டர் இங்கு எழுந்தது.

நான் சிறுவனாக என் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தங்கத்துக்குள் போனபோது முதலில் பார்த்தது திரையை அல்ல, மேற்கூரையைத்தான். மீனாட்சி அம்மன் கோயில் மண்டபங்களில் தூண்களுக்கிடையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவ்வளவு பெரிய வெற்றிடம் அச்சமூட்டியது. இடைவேளையில் முறுக்குத் தட்டும் சோடா பாட்டில்களுமாக விற்பவர்கள் வரிசைகளுக்குள் புகுந்துவிடுவார்கள். காட்சி முடிந்ததும் வீதி முழுக்கத் தலைகளாகவே தெரியும்.

பெரிய அரங்கில் படம் காட்டுவது எளிதல்ல. கார்பன் குச்சிகள் இரண்டின் நுனிகளுக்கிடையே எரியும் மின்வில்லின் ஒளிதான் படத்தை நெடுந்தொலைவிலுள்ள திரைக்குக் கொண்டுபோகும். எரிய எரியக் குச்சி தேயும். இடைவெளி மாறாமல் ஆபரேட்டர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் திரை மங்கும், கூட்டம் விசிலடிக்கும். 2,000 அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும். அதனால் இரண்டு புரொஜெக்டர்களை மாற்றி மாற்றி இயக்குவார்கள். மாற்றிய தடம் தெரியாவிட்டால் அவர் நல்ல ஆபரேட்டர்.

ஒலிக்கு வேறு சங்கடம். திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு, உதடு அசைந்து விநாடியில் பத்தில் ஒரு பங்கு கழித்தே வசனம் காதில் விழும். பின் வரிசையில் கூர்ந்து பார்த்தால் இது தெரியும். ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் ஒலியின் வேகத்துக்குப் பல ஆண்டுகள் இதையே எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தேன்.

1980களில் தொலைக்காட்சியும் வீடியோ கேசட்டும் வீடுகளுக்குள் நுழைந்தன. பிரதிகளும் பெருகி, ஒரே படம் பல தியேட்டர்களில் வெளியாகத் தொடங்கியது. தங்கத்தைப் பெரிதாகக் கட்டச் செய்த காரணம் அத்துடன் போயிற்று. 200 பேர் வந்தாலும் மின்விசிறிகள் சுழல வேண்டும், மராமத்து நடக்க வேண்டும், ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும். கூட்டம் குறைந்ததற்கு ரசனை கெட்டதே காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கணக்கு கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான். 1990களில் காட்சிகள் நின்றன. பூட்டிக் கிடந்த கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் பல மாடி ஜவுளிக்கடை வந்தது.

பணி ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பு, வழக்கம்போல வகுப்பில் தங்கத்தின் பின் வரிசையைச் சொன்னேன். பிள்ளைகள் விழித்தார்கள். ஒருவரும் அதற்குள் போனதில்லை. "ஜவுளிக்கடைதானே சார்?" என்றான் ஒருவன். மறு ஆண்டு முதல் வைகையின் அக்கரையில் துணி துவைப்பவரை உதாரணமாகச் சொல்லத் தொடங்கினேன். அதற்கு ஆற்றில் தண்ணீர் வர வேண்டியிருந்தது.