வைசூரிக் காலத்துக் கண்டியில் யோசேப் வாஸ் அடிகளார்

1697ஆம் ஆண்டிலே கண்டி மாநகரில் வைசூரி நோய் பரவியது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை விட்டு நீங்கினான். பிரதானிகளும் வசதி படைத்தோரும் அவ்வாறே வெளியேறினர். எஞ்சியிருந்தோர் போக்கிடமற்ற ஏழைகளும் நோயாளிகளுமே. நோய் கண்டவரைக் காட்டிலே கொண்டுசென்று விட்டுவிடுதல் அந்நாளைய வழக்கமாயிருந்தது. இதனைக் கொடுமையென்று இக்காலத்தார் எளிதிற் கூறிவிடலாம். ஆனால் அது முழு நீதியாகாது. அம்மைப்பால் குத்தும் முறையை யென்னர் என்னும் ஆங்கில வைத்தியர் கண்டது 1796ஆம் ஆண்டிலேதான். அதற்கு ஒரு நூற்றாண்டு முந்திய மக்கள், நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்பதை மாத்திரம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வீட்டிலுள்ள ஏனையோரைக் காப்பாற்ற வேறு உபாயம் அவர்களுக்குத் தெரிந்திலது.

அந்நகரை விட்டு நீங்காதவர்களுள் இருவர் கத்தோலிக்கக் குருமார். ஒருவர் யோசேப் வாஸ் அடிகளார்; மற்றவர் அவருடைய மருமகனாகிய யோசேப் கார்வால்யோ அடிகளார்.

வாஸ் அடிகளார் கோவையைச் சேர்ந்த பெனவுலிம் என்னும் ஊரிலே 1651ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் நாள் கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவர் ஏழு வயதுச் சிறுவனாயிருக்கும்போதே இலங்கையின் கரையோரப் பகுதிகள் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிவிட்டன. 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. புதிய ஆட்சியாளர் கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு அகற்றினர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்றும் கட்டளை பிறப்பித்தனர். இவ்வாறு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் குருமாரின்றி இலங்கைக் கத்தோலிக்கர் வாழ்ந்தனர். இச்செய்தி அடிகளாரின் உள்ளத்தை உறுத்தியது. தூத்துக்குடியிலிருந்து மரக்கலமேறி, கூலியாளரைப் போல வேடம்பூண்டு, யோவான் என்னும் ஊழியனொருவனுடன் 1687இல் அவர் இலங்கை வந்தடைந்தார்.

வந்தபோதே அவரை வயிற்றுளைச்சல் பற்றிக்கொண்டது. தொற்றுக்கு அஞ்சிய மக்கள் இருவரையும் ஊருக்குப் புறத்தே ஒதுக்கிவிட, ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி கொணர்ந்து கொடுத்து அவர்களைப் பிழைக்கச் செய்தாள் என அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். அப்பெண்ணின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. பின்னர் அவர் கழுத்திலே செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை ஏற்றார். மாலையைக் கண்டு முகம் மலர்வோர் யார் என்று பார்ப்பதே அவர் நோக்கம். சில்லாலைக் கிராமம் அவருக்கு மறைவிடமாயிற்று. தமிழையும் பின்னர்ச் சிங்களத்தையும் அவர் கற்றுக்கொண்டார்.

ஒல்லாந்தரின் கெடுபிடி மிகவே, புத்தளம் வழியாக 1692இல் கண்டி இராச்சியத்தை அடைந்தார். அங்கே காத்திருந்தது சிறைவாசம். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று யாரோ மூட்டிய கோள் அதற்குக் காரணம். காலப்போக்கில் அரசன் உண்மையை உணர்ந்து காவலைத் தளர்த்தினான். வறட்சிக் காலமொன்றில் அடிகளார் வேண்ட மழை பொழிந்தது என்னும் வரலாறு பக்தர்களிடையே பெரிதும் வழங்குவது. ஆயினும் சில மணி நேரத்து மழையைக் காட்டிலும் மாதக்கணக்கிலே நீடித்த வைசூரிப் பணியே அவர் யாரென்பதை நன்கு காட்டுகின்றது.

அப்பணியில் அதிசயம் எதுவுமில்லை. காட்டிலே விடப்பட்டோரைத் தேடிச்சென்று அவர்களுக்குக் குடிசைகள் அமைத்தனர். ஆளற்றுக் கிடந்த வீடுகளை நோயாளர் விடுதிகளாக்கினர். உணவு கொடுத்தனர், புண்களைக் கழுவினர், படுக்கையைச் சுத்தஞ்செய்தனர், இறந்தோரைக் குழிதோண்டிப் புதைத்தனர். மறுநாட் காலையில் இவை யாவும் மீண்டும் தொடங்கின. வைசூரியை மாற்றும் மருந்து அன்று இல்லை. அந்நோய் உலகினின்று முற்றாக ஒழிக்கப்பட்டதென 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த வேளையிலும் இருந்ததில்லை. அதனைத் தடுக்கவே முடிந்தது. ஆகவே காய்ச்சலாலும் கொப்புளங்களாலும் வாய்விட்டு நீர் கேட்கவும் இயலாது கிடப்பவனுக்கு, வேளை தவறாமல் நீரும் உணவும் ஊட்டக் கூடிய ஒரு கையே பெரும் உதவி. நாதியற்றவன் பலவேளைகளில் நோயால் மாத்திரமன்றித் தாகத்தாலும் பட்டினியாலும் மடிந்தான்.

கிறிஸ்தவர்கள் ‘கிருபை’ என வழங்கும் சொல்லுக்கு, தகுதி நோக்காது அருளப்படும் கொடை என்பது பொருள். அடிகளார் மதம் நோக்கவில்லை. அவர் பேணிய நோயாளருட் பெரும்பாலோர் பௌத்தர்கள். அவர்களிடம் ஒரு கைம்மாறும் கேட்கப்படவில்லை.

இதனை உற்றுக் கவனித்தவன் அரசன். அவன் பௌத்த சமயத்தில் உறுதியான பற்றுடையவன்; அரக்கான் தேசத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்து உபசம்பதாவைப் புதுப்பித்தவன். அத்தகையவன், தன் தலைநகரத்து ஏழைகளைக் காத்த அந்நியக் குருவுக்கு இராச்சியமெங்கும் சென்று பணிபுரிய உரிமை வழங்கினான். ஒல்லாந்தர் துரத்திய மதத்துக்குப் பௌத்த அரசன் இடங்கொடுத்தது இந்நாட்டு வரலாற்றிலே மறக்கத்தகாத செய்தி. அரசியல் நோக்கம் அதிற் சிறிதும் இல்லையென்று கூறுவதற்கில்லை. ஒல்லாந்தருக்கு உவப்பில்லாத ஒன்றைச் செய்வது கண்டிக்குக் கசப்பாயிருந்திராது. எனினும் சிறைக்காவலில் இருந்த ஒருவரை நம்பும்படி அரசனைச் செய்தது அந்தத் தொண்டே.

அதன்பின் கோவையிலிருந்து வேறு குருமாரும் வந்தனர். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705இல் வந்தவர். மேலான பதவியொன்று தம்மைத் தேடி வந்தபோது வாஸ் அடிகளார் அதனை ஏற்க மறுத்தார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார்.

1995இல் கொழும்பிலே இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 சனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலிலே பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதராகவும் அறிவித்தனர். கண்டியில் அவர் அடக்கஞ்செய்யப்பட்ட கோயிலோ, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசரின் மனம் மாறிக் குருமார் வெளியேற்றப்பட்டபின் அழிந்துபோயிற்று. அவருடைய கல்லறை எவ்விடத்தில் இருந்தது என்பது இன்று திட்டமாகத் தெரியவில்லை.