படத்தின் நான்காவது எண்

தொலைக்காட்சிச் செய்தியில் பேசுபவரின் பெயர், கண்ணாடிப் பட்டையில் எழுதியதுபோல் தோன்றுகிறதல்லவா? பின்னாலுள்ள காட்சியும் மங்கலாகத் தெரிகிறது. எந்தப் புள்ளி எவ்வளவு மறைக்க வேண்டும் என்று கருவிக்கு யார் சொல்வது?

1970களின் பிற்பகுதியில், நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறி ஓவியங்களில் ஈடுபட்டிருந்த எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் விடை கண்டனர். அதற்குமுன் திரைப்படத்தில் மறைப்புப் படச்சுருள் தனியே இருக்கும். இவர்களோ சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களோடு, மறைப்பின் அளவையும் நான்காவது எண்ணாகப் படத்திலேயே சேர்த்தனர். ஆல்ஃபா என்பது அதன் பெயர். 1984இல் லூகாஸ்ஃபிலிமின் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும், நிறங்களை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கிவைக்கும் முறையை விளக்கினர். கணக்கு சுருங்கிற்று, குழப்பமும் உடன் வந்தது!

நேரடி ஒளிபரப்பில் படங்களை இணைக்கும் ஸ்விட்சருக்கு நிறப்படம் ஒன்றும், ஆல்ஃபாவைக் காட்டும் 'கீ' ஒன்றுமாக இரண்டு செல்கின்றன. வெண்மை 100, ஆல்ஃபா பாதி எனக் கொள்வோம். பெருக்கிய நிறம் 50. பின்னணியும் வெண்மையானால் அதன் பங்கு 50, கூட்டினால் 100. ஏற்கெனவே பெருக்கியதை ஸ்விட்சர் மறுபடி பெருக்கினால் 25தான் மிஞ்சும், கூட்டுத்தொகை 75. வெள்ளையின்மேல் வெள்ளை வைத்தும் சாம்பல் நிறம்! எழுத்தோரங்களில் அழுக்குபோல் படியும் கருங்கோடு பெரும்பாலும் இதுவே. முன்பே பெருக்கிய படம் என்று ஸ்விட்சரில் குறித்துவிட்டால், அது பின்னணியை மட்டும் குறைத்து, படத்தை அப்படியே கூட்டிவிடும்.