பிரெஞ்சு வகுப்பில் சொன்ன கதை

'அழகியும் விலங்கும்' கதையை நம்மில் பலரும் திரையில் பார்த்திருப்போம். 1946இல் பிரான்சில் ழான் கொக்தோ அதைப் படமாக எடுத்தார். 1991இல் டிஸ்னி எடுத்தது. உலகம் அறிந்த இந்த வடிவத்தில் அக்கதை முதலில் யாருக்காக எழுதப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது ஒரு பாடம். லண்டனில் பிரெஞ்சு கற்ற சிறுமிகளுக்காக ஓர் ஆசிரியை எழுதிய வாசிப்புப் பாடம்.

அவர் பெயர் ழான்-மரி லெப்ரேன்ஸ் த போமோன். 1711இல் பிரான்சின் ரூவான் நகரில் பிறந்தவர். 1748 வாக்கில் லண்டன் சென்று, பிரபுக் குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் 'கவர்னஸ்' வேலையில் சேர்ந்தார். அன்றைய இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பெண்ணுக்குப் பிரெஞ்சு ஓர் அணிகலன். நடனம், இசை, தையலோடு சேர்ந்து கல்யாணச் சந்தையில் அவள் மதிப்பைக் கூட்டுவது. இலத்தீனும் கிரேக்கமும் பல்கலைக்கழகமும் அவளுடைய சகோதரர்களுக்கு. விருந்தில் நாலு வாக்கியம் நயமாகப் பேசினால் போதும் என்று கற்பிக்கப்படும் மொழியில் எந்தப் பிள்ளைக்கு ஆர்வம் வரும்?

போமோன் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டார். 1756இல் லண்டனில் 'மகசேன் தெ ஸான்ஃபான்' என்ற நூலை வெளியிட்டார். 'குழந்தைகளின் களஞ்சியம்' என்று பொருள். பிள்ளைகள் வாசிப்பை வெறுப்பதற்குக் காரணம் அவர்கள் கையில் தரப்படும் புரியாத புத்தகங்களே என்பது அவர் வாதம். ஆகவே எளிய பிரெஞ்சில், உரையாடலாகவே நூல் முழுவதையும் அமைத்தார். ஓர் ஆசிரியையைச் சுற்றி 5 முதல் 13 வயது வரையிலான சிறுமிகள். அவர்களின் பெயர்களே குணத்தைச் சொல்லும்: ஒருத்தி விவேகி, ஒருத்தி சூட்டிகைக்காரி, ஒருத்தி புயல். கதை கேட்கிறார்கள், கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்கிறார்கள், குறுக்கே கேள்வி கேட்கிறார்கள். விவிலியக் கதையும் பூகோளமும் இயற்கை அறிவும் இடையிடையே வருகின்றன. அணிகலனாகக் கேட்கப்பட்ட மொழிக்குள் பாடத்திட்டம் ஒன்றையே நுழைத்துவிட்டார் இந்தப் பெண்.

அந்த நூலுக்குள்தான் விலங்கின் கதை வருகிறது. அதைக் கற்பனை செய்தவர் இன்னொரு பெண், கப்ரியேல்-சூசான் த வீல்னவ். 1740இல் பெரியவர்களுக்காக, ஒரு நாவல் அளவுக்கு நீட்டி எழுதியிருந்தார். அதில் விலங்கு ஒவ்வோர் இரவும் அழகியைப் படுக்கைக்கு அழைக்கிறது. போமோன் அந்தக் கேள்வியை 'என்னை மணப்பாயா' என்று மாற்றினார், கதையைச் சில பக்கங்களுக்குள் சுருக்கினார். இரவு உணவு நேரம், அதே வருகை, அதே கேள்வி, அதே மறுப்பு. மொழி கற்பிக்கும் எவருக்கும் இந்த உத்தி தெரியும். திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் மனதில் தங்கும். அடுத்த இரவு என்ன ஆகும் என்ற ஆவல் அந்தப் பயிற்சியின் அலுப்பை மறைத்துவிடும்.

என்னை அதிகம் தொட்டது வேறோர் இடம். போமோனின் விலங்கு, தனக்குச் சாதுரியமாகப் பேச வராது என்று தானே ஒப்புக்கொள்கிறது. கடைசியில்தான் உண்மை தெரிகிறது: சாபமிட்ட தேவதை அதன் உருவத்தை மாற்றியதோடு, அறிவை வெளிக்காட்டவும் தடை விதித்திருந்தாள். அந்நிய மொழி வகுப்பில் உட்கார்ந்த ஒவ்வொருவரும் அனுபவித்த சாபம் இது. என் தமிழ் வகுப்பில் சங்கப் பாடலை வைத்து என்னோடு மல்லுக்கு நிற்கும் மாணவிகளை, அடுத்த மணிநேரத்தின் ஆங்கில வகுப்பில் தலைகுனிந்து இருக்கக் கண்டிருக்கிறேன். அவர்களின் அறிவு எங்கும் போய்விடவில்லை. அதைச் சொல்லச் சொல் கிடைக்கவில்லை. சொல் தடுமாறுவதை வைத்து ஆளை எடைபோடாதே என்று கற்றுக்கொடுக்கும் கதையை, சொல் தடுமாறும் சிறுமிகளுக்கே பாடமாக வைத்திருக்கிறார் போமோன்.

அவரைத் தூக்கிப் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கதை முடிந்ததும் வகுப்பில் நடக்கும் பேச்சில், அழகின்மை பழகிவிடும், கொடுமை பழகாது என்ற முடிவுக்கு ஆசிரியை பிள்ளைகளை நகர்த்துகிறார். பெற்றோர் பார்த்துவைக்கும் மாப்பிள்ளையை ஏற்கப் பழக்கும் பாடமாகவும் அதை வாசிக்கலாம். அவருடைய அழகி விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து வீட்டு வேலை செய்கிறாள். அப்பாவுக்காகத் தன்னையே கொடுக்கிறாள். சம்பளம் தரும் குடும்பங்களை மீறி எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கு கவர்னஸுக்கு எப்போதும் இருந்திருக்கும்.

ஆனாலும் அதே அழகிக்கு விலங்கின் மாளிகையில் கிடைக்கும் பெரும் மகிழ்ச்சி ஒரு நூலகம். 1760இல் வளரிளம் பெண்களுக்காக எழுதிய அடுத்த நூலின் முன்னுரையில் போமோன் ஆண்களைக் கொடுங்கோலர் என்றே விளிக்கிறார். நீங்கள் விதித்த அறியாமையிலிருந்து இவர்களை மீட்டுத் தர்க்கமும் வடிவியலும் தத்துவமும் அறிந்தவர்களாக ஆக்குவதே என் நோக்கம் என்கிறார். கதைசொல்லி நயமாகப் பேசியதை முன்னுரைக்காரி உடைத்துப் பேசிவிட்டார்.

மாணவரை ஈர்ப்பது எப்படி என்று இன்று பயிலரங்குகள் நடக்கின்றன. விளையாட்டும் செயலியும் வேண்டியவைதான். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியைப் போமோன் கேட்டிருந்தார்: இந்த மொழியில் சொல்வதற்கு இந்தப் பெண்ணிடம் என்ன இருக்கிறது, அதைச் சொல்ல நாம் இடம் கொடுக்கிறோமா? கதை உலகமெங்கும் போனது. அதைச் சொன்ன வகுப்பறையும் அந்த ஆசிரியையின் உழைப்பும் பின்தங்கிவிட்டன. பெண்களின் இலக்கிய வரலாற்றை எழுதும்போது பாடநூல்களையும் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.