கண்மாய் நுண்பாசிகளும் கரிமச் சேமிப்பும்

நீரில் கரைந்த கரியமில வாயுவை வெயிலின் துணையால் உடற்பொருளாக்கும் நுண்ணுயிர்களே நுண்பாசிகள். அவற்றின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரைச் சுற்றி, ஏலமலைச் சரிவில் இறங்கும் கொட்டகுடி ஆற்றால் நிறையும் பங்காருசாமி கண்மாய், மீனாட்சியம்மன் கண்மாய் போன்ற ஆழமற்ற நீர்நிலைகள் இவற்றுக்கு ஏற்ற இடம்.

கண்மாய்ப் பாசிகளில் நீலப்பச்சைப் பாசி, பச்சைப் பாசி, டயட்டம், யூக்ளினா வகை ஆகியவை முக்கியமானவை. நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா இனம். பழக்கத்தால் பாசியாகவே எண்ணப்படுகிறது. இதில் மைக்ரோசிஸ்டிஸ் தன் செல்லுக்குள் வாயுப்பைகள் கொண்டிருப்பதால் மிதக்கும். சிலிக்கா ஓடுள்ள டயட்டமோ விரைவில் அடியில் படியும். இந்தியப் பாசியியலுக்கு அடித்தளம் இட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963). வற்றும் மழைக்குட்டைகளின் ஈரச்சேற்றில் வளரும் பச்சைப் பாசி ஒன்றை 1932இல் விவரித்து, ஆங்கிலப் பாசியியலர் ஃபிரிட்ச்சைச் சிறப்பிக்கும் வகையில் ஃபிரிட்சியெல்லா எனப் பெயரிட்டார். அவர் மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட 'சயனோஃபைட்டா' நீலப்பச்சைப் பாசிகளுக்கு இன்றும் கைநூல்.

பாசி ஈர்த்த கரிமம் முழுவதும் தங்கிவிடுவதில்லை. பெரும்பகுதியைப் பூச்சியும் மீனும் பாக்டீரியாவும் தின்று, சுவாசத்தில் கரியமில வாயுவாகத் திருப்பிவிடுகின்றன. எஞ்சியது வண்டலில் படிகிறது. அங்கே ஆக்சிஜன் தீர்ந்தபின் மீத்தேன் உண்டாகிறது. கோடையில் சேற்றைக் கம்பால் குத்தினால் எழும் குமிழிகளில் இதுவே மிகுதி. நூறாண்டுக் கணக்கில் இது எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். ஆழமான ஏரியில் குமிழி மேலே வரும் வழியிலேயே பெருமளவு கரைந்துவிடும். கண்மாயிலோ நேரே காற்றில் கலக்கிறது. ஆகவே பாசி மிகுந்த கண்மாயைக் கரிமக் களஞ்சியம் என்பது பொருந்தாது. தெளிந்த நீரில் வேரூன்றிய நீர்த்தாவரம் நிற்கும் கண்மாயே மேல்.

கண்மாய் வற்றும்போது பாசி, வெடித்த சேற்றின் மீது பச்சைப் பொருக்காகச் சுருள்கிறது. காற்றுப்பட்ட வண்டலில் இருந்த கரிமமும் சிதையத் தொடங்கும். அதற்கு முன்பே வண்டலைக் கரம்பையாக அள்ளி வயலில் பரப்பினால், அதன் ஒரு பகுதி மண்ணோடு சேர்ந்து நிலைக்கும்.

இன்று ஊர்க்கழிவும் உரமும் சேரும் கண்மாய்களில் நீலப்பச்சைப் பாசி மேலோங்குகிறது.